வகுப்பறைச் சொல் யாருக்குச் சொந்தம்?

கல்லூரிப் பணியில் சேரும் ஓர் ஆசிரியரிடம் முதல் நாளே ஒரு கட்டுத் தாள்களில் கையெழுத்து வாங்கப்படுகிறது. பணி ஆணை, உறுதிமொழி, நடத்தை விதிகள், அண்மைக் காலமாக ‘அறிவுசார் சொத்துக் கொள்கை’ என்ற பெயரில் மேலும் சில பக்கங்கள். வேலை கிடைத்ததே பெரிது என்ற நிலையில் இருப்பவர் அவற்றைப் படித்துப் பார்ப்பதில்லை. படித்தாலும் அதில் ஒரு வரியையும் அவரால் மாற்ற இயலாது. அந்தத் தாள்கள் சொல்லும் செய்திகள் அடிப்படையில் இரண்டுதான். அனுமதியின்றி வெளியே பேசாதே, எழுதாதே என்பது ஒன்று. பணிக்காலத்தில் நீ எழுதுவதும் பதிவு செய்வதும் நிறுவனத்துக்கே உரியவை என்பது மற்றொன்று. முன்னது வாயை அடைக்கிறது. பின்னது வாயிலிருந்து வந்ததை எடுத்துக்கொள்கிறது.

ஆசிரியர் சங்கங்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் தனித்தனியாகவே பார்க்கப்படுகின்றன. நடத்தை விதிகள் ஜனநாயக உரிமைப் பிரச்சனை என்றும், பதிப்புரிமை என்பது வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய நுட்பம் என்றும் ஒரு பிரிவினை நிலவுகிறது. இரண்டும் ஒரே உழைப்பின் மீது செலுத்தப்படும் ஒரே கட்டுப்பாட்டின் இரு முனைகள் என்பதே நமது கருத்து.

முதலில் ஒரு முரண்பாட்டைக் கவனிப்போம். 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய புகழ்பெற்ற தீர்ப்பு, கல்வி நிறுவனங்களையும் தொழில் தகராறு சட்டத்தின் பொருளில் ‘தொழில்’ என்று ஏற்றுக்கொண்டது. தொழிற்சங்க இயக்கம் அதை வரவேற்றது. ஆனால் பத்தே ஆண்டுகளில், 1988இல், சுந்தராம்பாள் எதிர் கோவா அரசு வழக்கில் உச்சநீதிமன்றம் ஆசிரியர்கள் அச்சட்டத்தின்படி ‘தொழிலாளர்’ அல்லர் என்று கூறிவிட்டது. கல்வி புகட்டுவது உடலுழைப்பும் அல்ல, எழுத்தர் வேலையும் அல்ல, தொழில்நுட்ப வேலையும் அல்ல, அது உன்னதப் பணி என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆக, கல்லூரி ஒரு தொழில். அதில் வேலை செய்யும் ஆசிரியர் தொழிலாளி அல்லர். அலுவலக உதவியாளருக்கும் ஆய்வக உதவியாளருக்கும் கிடைத்த குறைந்தபட்சச் சட்டப் பாதுகாப்புகூட, அவர்களுக்குப் பக்கத்து அறையில் பாடம் நடத்துபவருக்கு இல்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு இதை மேலும் மோசமாக்கியிருக்கிறது. அறப்பணி, சமூகப்பணி ஆகியவற்றில் முழுமையாகவோ கணிசமாகவோ ஈடுபடும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்கள் ‘தொழில்’ என்ற வரையறையிலிருந்தே விலக்கப்பட்டுள்ளன. நாட்டின் தனியார் கல்லூரிகளில் பெரும்பாலானவை ஏதேனும் ஓர் அறக்கட்டளையின் பெயரில்தான் நடக்கின்றன என்பதைத் தோழர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஆசிரியருக்கு இல்லாத பாதுகாப்பு இனி எழுத்தருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும்கூட இல்லை என்று வாதிட நிர்வாகங்களுக்கு வழி திறந்திருக்கிறது.

இப்போது பதிப்புரிமைச் சட்டத்துக்கு வருவோம். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, படைத்தவரே முதல் உரிமையாளர் என்று தொடங்குகிறது. தொடங்கிய கையோடு விலக்குகளை அடுக்குகிறது. அவற்றில் (சி) என்னும் உட்பிரிவின்படி, பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலையின் போக்கில் படைக்கப்பட்டவற்றுக்கு, மாறான உடன்பாடு இல்லாத நிலையில், வேலைக்கு அமர்த்தியவரே முதல் உரிமையாளர். இங்கே உன்னதப் பணி என்ற பேச்சே இல்லை. வேலைநீக்கத்தை எதிர்த்து முறையிட வரும்போது ‘நீ தொழிலாளி அல்ல’ என்று சொல்லும் அதே நிர்வாகம், பாடக்குறிப்பையும் ஒளிப்பதிவையும் எடுத்துக்கொள்ளும்போது ‘நீ எனது பணியாள்’ என்கிறது. ஒரே மனிதர் பாதுகாப்புக்கு உன்னதமானவர், பறிமுதலுக்குக் கூலியாள். பள்ளி உரிமையாளரின் மூலதனத்தைப் பெருக்க உழைக்கும் ஆசிரியரை, மூலதனத்தின் பார்வையில் ஆக்கவுழைப்புக்கு எடுத்துக்காட்டாக மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் காட்டினார். நமது நீதிமன்றங்கள் காண மறுத்ததை, அந்த உரிமையாளர்கள் எப்போதும் கண்டே வந்திருக்கிறார்கள்.

வகுப்பறை உரை உண்மையிலேயே ‘வேலையின் போக்கில் படைக்கப்பட்டது’தானா? பேசுவது ஆசிரியரின் வேலை என்பதில் ஐயமில்லை. அதை ஒரு நூலாக, ஒரு தொகுப்பாக, விற்கத்தக்க ஒரு பண்டமாக ஆக்கித் தருவதும் அவரது வேலையா என்பதே கேள்வி. பிரிட்டனில் 1952இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்த ஸ்டீவன்சன் ஜோர்டன் வழக்கில், ஊழியர் ஒருவர் ஆற்றிய உரைகளின் உரிமை அவருக்கே உரியது என்று தீர்ப்பாயிற்று. நிறுவனத்துக்காக அவர் தயாரித்த அறிக்கையின் பகுதி மட்டுமே நிறுவனத்துக்குச் சென்றது. அதற்கும் முன்பாக, 1916இல், லண்டன் பல்கலைக்கழகத்தின் தேர்வுக்கு வினாத்தாள் எழுதித் தந்தவர்கள் பல்கலைக்கழகத்தின் பணியாளர் அல்லர், ஆகவே வினாத்தாளின் பதிப்புரிமை தொடக்கத்தில் அவர்களுக்கே உரியது என்று தீர்ப்பு வந்தது. நமது சட்டம் இந்த மரபிலிருந்து கிளைத்தது. அதிலேயே (சிசி) என்றொரு உட்பிரிவு உண்டு. பொது இடத்தில் ஆற்றப்படும் உரைக்கு, உரையாற்றியவர் பிறரிடம் வேலை செய்பவராக இருந்தாலும், அவரே உரிமையாளர் என்று அது கூறுகிறது. அதாவது, ஓர் ஆசிரியர் மாலையில் பூங்காவில் நின்று பேசினால் அது அவருடையது. காலையில் அதையே வகுப்பறையில் பேசினால் தகராறு தொடங்குகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சட்டத்தின் ‘நிகழ்த்துநர்’ என்ற வரையறையில் நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி ஆகியோரோடு விரிவுரை ஆற்றுபவரும் இடம்பெற்றிருக்கிறார். சிலருக்கு இது அவமதிப்பாகத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை, பாம்பாட்டியும் உழைப்பாளிதான். மேலும், இந்த வரிசையில் இடம்பெற்றதால்தான் தனது விரிவுரையைப் பதிவு செய்வதற்கு ஆசிரியரின் சம்மதம் தேவை என்ற உரிமை அவருக்குக் கிடைக்கிறது. எழுத்துவழி ஒப்பந்தத்தில் சம்மதம் கொடுத்துவிட்டால் அந்தப் பதிவைப் பயன்படுத்துவதை அவர் பின்னர் தடுப்பது கடினம். முதல் நாள் வாங்கப்படும் கையெழுத்தின் பொருள் இப்போது புரியும்.

பெருந்தொற்றுக் காலத்துக்கு முன்புவரை இவையெல்லாம் ஏட்டளவில் இருந்தன. பாடக்குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு நிர்வாகி என்ன செய்வார்? அதைச் சொல்ல ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். 2020இல் நாடெங்கும் வகுப்புகள் திரைக்கு மாறியபோது நிலைமை மாறியது. தமது சொந்தக் கைபேசியில், சொந்தச் செலவில் வாங்கிய இணைய இணைப்பில், வீட்டு அறையில் அமர்ந்து ஆசிரியர்கள் பதிவு செய்த பாடங்கள் நிறுவனங்களின் கணக்குகளில் குவிந்தன. ஆசிரியர் விலகிச் சென்ற பின்னும் பதிவு அங்கேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு மாணவருக்கும் அது பாடம் நடத்தும். அதற்கு ஊதியம், விடுப்பு, மகப்பேறு உதவி எதுவும் தேவையில்லை.

இதற்கான நிர்வாகக் கட்டமைப்பும் தயாராகிவிட்டது. 2017இல் தொடங்கப்பட்ட ‘ஸ்வயம்’ தளத்தின் வழியாக ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரை பயிலலாம் என்றிருந்த வரம்பை, யுஜிசி 2021ஆம் ஆண்டு விதிமுறைகளில் 40 சதவீதமாக உயர்த்தியது. அதே ஆண்டு வெளியிட்ட கலப்புக் கற்றல் வரைவும் இதே அளவைத்தான் பேசியது. தொலைதூரக் கிராமத்து மாணவருக்குச் சிறந்த விரிவுரை சென்று சேர்வதை எதிர்க்க நமக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் 40 சதவீதப் பாடம் திரைக்குச் சென்றால் அந்த 40 சதவீதத்துக்கான ஆசிரியப் பணியிடம் எங்கே செல்லும் என்ற கேள்விக்கு எந்த ஆவணத்திலும் பதில் இல்லை. முதலில் வெளியேறப் போகிறவர் நிரந்தரப் பேராசிரியர் அல்லர். மணிக்கணக்கில் கூலி பெறும் கௌரவ விரிவுரையாளர். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று யுஜிசி 2019இல் நிர்ணயித்தது. அந்தத் தொகையைப் பெறவே தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருக்கிறது. அவர் தமது கையாலேயே தமக்கு மாற்றாளைத் தயாரித்துக் கொடுக்கிறார். அந்த மாற்றாளின் உரிமையாளரோ நிர்வாகம்.

வாயை அடைக்கும் முனைக்கு இப்போது வருவோம். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964ஆம் ஆண்டுக்குரியவை. அவற்றின் வேர் காலனிய ஆட்சியில் இருக்கிறது. வெள்ளை அரசின் அலுவலர் மக்களோடு சேர்ந்துவிடக் கூடாது என்ற அச்சமே அவற்றைப் பெற்றெடுத்தது. 9ஆவது விதியின்படி, மத்திய அரசோ மாநில அரசோ எடுத்த நடப்பு அல்லது அண்மைக் கொள்கை எதையும் பாதகமாக விமர்சிக்கும் எழுத்தோ பேச்சோ கூடாது. கோப்புகளைக் கையாளும் ஒரு செயலருக்கு இதில் ஏதோ பொருள் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். பொருளாதார ஆசிரியர் ஒருவர் பணமதிப்பு நீக்கத்தைப் பற்றி விமர்சிக்காமல் எதைக் கற்பிப்பது? வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பற்றிக் கட்டுரை எழுதினால் அது ஆராய்ச்சியா, ஒழுங்கீனமா? யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் உள்ள தொழில்நெறித் தொகுப்போ, கருத்தரங்குகளில் தயக்கமின்றித் தமது கருத்தைச் சொல்லுவதை ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. ஒரு கையால் கடமை என்று கொடுத்ததை மறு கையால் குற்றம் என்று பிடுங்குவது இதுதான்.

பல்கலைக்கழக ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். அவர்களது பணி நிலைமைகள் அந்தந்தப் பல்கலைக்கழகச் சட்டத்தாலும் அதன் கீழான விதிகளாலும் ஆளப்படுபவை. இருந்தும் 2018இல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் மீது இந்த நடத்தை விதிகளைச் சுமத்த யுஜிசி முனைந்தது. ஆசிரியர் அமைப்புகளின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு, பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் எண்ணம் இல்லை என்று அன்றைய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் விளக்கம் அளித்தார். விளக்கத்தின் மதிப்பு என்ன என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. 2018 ஜூலையில் நடந்த ஒருநாள் போராட்டத்தில் பங்கேற்றதற்காக ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆசிரியர்கள் 48 பேருக்கு, இதே விதிகளைச் சுட்டி, 2019இல் குற்றச்சாட்டுக் குறிப்பாணைகள் வழங்கப்பட்டன. விவகாரம் டெல்லி உயர்நீதிமன்றம் வரை சென்றது.

இதில் சட்டம் முழுவதும் நமக்கு எதிராக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1962இல் காமேஷ்வர் பிரசாத் எதிர் பீகார் அரசு வழக்கில், ஊழியர்களின் எல்லா வகை ஆர்ப்பாட்டங்களையும் தடை செய்த பீகார் நடத்தை விதியை உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. அரசுப் பணியில் சேர்வதால் ஒருவர் தமது அடிப்படை உரிமைகளை வாசலில் கழற்றி வைத்துவிடவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆனால் வேலைநிறுத்த உரிமையை அது ஏற்கவில்லை. 2003இல் தமிழ்நாட்டில் ஜெயலலிதா அரசு சுமார் 1.7 லட்சம் ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தபோது, டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியும் தார்மீகப்படியும் உரிமை இல்லை என்ற அளவுக்கு உச்சநீதிமன்றம் சென்றது. அந்த நாட்களை நேரில் கண்ட தோழர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைத் திரும்பவும் பணிக்குக் கொண்டுவந்ததில் வழக்கின் பங்கைவிடப் போராட்டத்தின் பங்கே பெரிது.

நடத்தை விதிகளே வேண்டாம் என்பதல்ல நமது நிலை. மாணவியிடமும் சக ஊழியரிடமும் அத்துமீறும் ஆசிரியர், சாதி சொல்லி இழிவுபடுத்தும் துறைத்தலைவர், ஆய்வு மாணவரின் உழைப்பைத் தமது பெயரில் வெளியிடும் வழிகாட்டி ஆகிய அனைவரையும் கட்டுப்படுத்த விதிகள் தேவை. ஆனால் அந்த இடத்தில்தான் நிர்வாகங்களின் விறுவிறுப்பு குறைந்துவிடுகிறது. விசாகா தீர்ப்பைத் தொடர்ந்து 1999இல் ஜேஎன்யுவில் உருவான ஜிஎஸ்கேஷ் அமைப்பில் ஆசிரியர், ஊழியர், மாணவர் தரப்புகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் இருந்தனர். நாட்டுக்கே முன்மாதிரியாக விளங்கிய அதை 2017இல் கலைத்துவிட்டு, தலைவரையும் ஆசிரியர் உறுப்பினர்களையும் நிர்வாகமே நியமிக்கும் உள்புகார்க் குழுவைக் கொண்டுவந்தார்கள். அரசை விமர்சித்தவரைத் தண்டிப்பதற்கான விதிகள் இறுக, பெண்களைக் காப்பதற்கான அமைப்பு நிர்வாகத்தின் கைக்குள் சுருங்கியது.

எழுத்து ‘நிறுவனத்துக்கே சொந்தம்’ என்பதன் உண்மை முகத்தைக் காண அசோகா பல்கலைக்கழக நிகழ்வு போதும். 2023இல் அங்கு பணியாற்றிய பொருளாதார அறிஞர் சப்யசாச்சி தாஸ், 2019 நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆளுங்கட்சியினர் கொதித்தெழுந்தனர். பல்கலைக்கழகம் உடனடியாக அக்கட்டுரையிலிருந்து தன்னை விலக்கிக்கொண்டது. ஆசிரியர்களின் தனிப்பட்ட செயல்பாடு நிறுவனத்தின் நிலைப்பாடாகாது என்றது. தாஸ் பதவி விலகினார். தரவரிசைப் பட்டியலுக்கு ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கணக்குக் காட்டும்போது ஒவ்வொரு கட்டுரையும் நிறுவனத்தினுடையது. அதிகாரத்தின் கோபத்தைக் கொண்டுவரும் கட்டுரை மட்டும் தனிநபருடையது. இலாபம் நிறுவனத்துக்கு, ஆபத்து ஆசிரியருக்கு என்பதுதான் நடைமுறையில் செயல்படும் ‘கொள்கை’.

அப்படியானால் ஆசிரியரின் எழுத்தை ஆசிரியரின் தனிச்சொத்தாக ஆக்குங்கள் என்று கேட்கிறோமா? இந்த இடத்தில் நமது இயக்கம் தெளிவாக இருக்க வேண்டும். பதிப்புரிமை என்ற சொத்துரிமை ஆசிரியர்களைவிடப் பதிப்பக முதலாளிகளுக்கே அதிகம் பயன்பட்டு வருகிறது. பொதுப்பணத்தில் ஊதியம் பெறும் ஆசிரியர் கட்டுரை எழுதி, அதன் உரிமையைப் பன்னாட்டுப் பதிப்பகத்துக்கு இலவசமாக எழுதிக்கொடுக்கிறார். இன்னோர் ஆசிரியர் அதை இலவசமாக மதிப்பீடு செய்து தருகிறார். பிறகு அதே கட்டுரையைப் படிக்க அரசு பணம் கட்டுகிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் அளிக்கப்பட்ட ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். அது செல்வது 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களுக்கு. மாணவர்களுக்கு இதழ்கள் கிடைப்பது நல்லதே. ஆனால் நாமே விளைவித்ததை நாமே விலைகொடுத்து வாங்கும் இந்த ஏற்பாட்டை உழவர் வீட்டுத் தோழர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

வேறு வழி உண்டு என்பதை டெல்லியில் ஒரு சிறிய ஜெராக்ஸ் கடை காட்டியது. டெல்லி பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் இயங்கிய ராமேஷ்வரி நகலகம், பேராசிரியர்கள் பரிந்துரைத்த நூற்பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்குக் குறைந்த விலையில் நகலெடுத்துக் கொடுத்தது. 2012இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் அக்கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தன. மாணவர்களும் ஆசிரியர்களும் தனித்தனி அமைப்புகளாகத் திரண்டு வழக்கில் தங்களை இணைத்துக்கொண்டனர். வழக்கைத் திரும்பப் பெறும்படி கேட்டவர்களில் அமர்த்தியா சென்னும் இருந்தார். யாருடைய உரிமையைக் காப்பதாகப் பதிப்பகங்கள் கூறினவோ அந்த நூலாசிரியர்களிலேயே பலர் மாணவர் பக்கம் நின்றனர். 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை இயற்கையாக அமைந்த ஓர் உரிமை அல்ல, சமூக நலனுக்காகச் சட்டம் உண்டாக்கியதே என்பது அவர் முடிவு. டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பிக்கும் தேவைக்கான நகலெடுப்பைச் சட்டம் அனுமதிக்கிறது என்ற அடிப்படையை ஏற்று, சில உண்மைகளை மட்டும் விசாரணைக்கு அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே கைவிட்டன.

இந்த வெற்றியின் தர்க்கத்தைக் கல்லூரிக்குள்ளும் கொண்டுசெல்ல வேண்டும். மாணவரும் பொதுமக்களும் படிப்பதற்கு ஆசிரியரின் எழுத்தும் விரிவுரையும் தடையின்றிக் கிடைக்கட்டும். அதை வைத்து நிர்வாகம் வணிகம் செய்வதற்கும், பணியிடங்களை ஒழிப்பதற்கும், ஆசிரியரின் பெயரை நீக்குவதற்கும், வெட்டி ஒட்டித் திரிப்பதற்கும் உரிமை கூடாது. பெயருக்கும் திரிபின்மைக்குமான உரிமை, பதிப்புரிமையை எழுதிக்கொடுத்த பின்னும் படைத்தவரிடமே எஞ்சி நிற்கும் என்று சட்டத்தின் 57ஆவது பிரிவு ஏற்கெனவே கூறுகிறது. மற்றவை போராடிப் பெற வேண்டியவை.

போராடும் இடம் எது என்பதையும் சட்டமே காட்டுகிறது. 17(சி) பிரிவில் ‘மாறான உடன்பாடு இல்லாத நிலையில்’ என்றொரு தொடர் இருப்பதை மேலே கண்டோம். தனி ஆசிரியர் எவரும் நிர்வாகத்தோடு அத்தகைய உடன்பாட்டைச் செய்துகொள்ள முடியாது. ஆனால் கல்விக்குழுக்களிலும் ஆட்சிக்குழுக்களிலும் நமது தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் இன்னும் இருக்கிறார்கள். பல்கலைக்கழக அவசரச் சட்டங்களில் ஒரு திருத்தமாகவோ, சங்கத்தோடு கையெழுத்தாகும் ஒப்பந்தமாகவோ அந்த மாறான உடன்பாட்டைக் கொண்டுவர இயலும். ‘நிறுவனத்தின் வளங்களைக் கணிசமாகப் பயன்படுத்தினால்’ உரிமை நிறுவனத்துக்கு என்ற வாசகம் 2016 தேசிய அறிவுசார் சொத்துரிமைக் கொள்கைக்குப் பின் கல்லூரிதோறும் எழுதப்பட்டு வரும் விதிகளில் புழங்குகிறது. எது கணிசம் என்பதை நிர்வாகமே முடிவு செய்யும் வகையில் அது நிற்கக் கூடாது. நூலகம், வகுப்பறை, மேசைக் கணினி ஆகியவை ஆசிரியருக்குச் செய்த சலுகைகள் அல்ல; வேலையின் கருவிகள்.

ஆசிரியரல்லாத ஊழியர்களை இதில் மறந்துவிடக் கூடாது. சேர்க்கைக்கான மென்பொருளை எழுதிய கணினி உதவியாளர், அரிய ஏடுகளின் அட்டவணையைப் பத்தாண்டுகள் உழைத்துத் தொகுத்த நூலகர் ஆகியோரின் ஆக்கங்களும் சட்டத்தின் பார்வையில் இலக்கியப் படைப்புகளே. அவற்றில் அவர்கள் பெயர்கூட இடம்பெறுவதில்லை. ஆசிரியர் சங்கமும் ஊழியர் சங்கமும் இந்தக் கோரிக்கையில் ஒன்றாக நிற்க இது ஒரு வாய்ப்பு.

உடனடியாகச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கௌரவ விரிவுரையாளர்களின் பணி ஆணைகள் ஆண்டுதோறும், சில இடங்களில் பருவந்தோறும், புதுப்பிக்கப்படுகின்றன. ஒவ்வொரு புதுப்பித்தலிலும் பதிவுக்கான சம்மதம் பணி ஆணையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித்தாளில் கேட்கப்பட வேண்டும்; மறுப்பவருக்குப் பணி மறுக்கப்படக் கூடாது; கொடுத்த சம்மதம் அந்தப் பருவத்தோடு முடிய வேண்டும்; பதிவைக் காட்டி அந்தப் பாடத்துக்கான பணியிடத்தைக் குறைக்கக் கூடாது. அடுத்த பருவத்துக்கான ஆணைகள் தட்டச்சாவதற்கு முன்பே இதை ஒவ்வொரு கல்லூரிக் கிளையும் எழுத்தில் வைக்க முடியும்.